இருபதடிச் சுவரின் சொந்தக்காரி

1

செஞ்சிக் கோட்டையின் ஒரு பகுதி, ஆண்ட ராஜாக்களையெல்லாம் தாண்டி, ரவிக்கை தைத்துப் பிழைக்கும் மெஹர் பானு என்கிற விதவையின் வசம் வந்துவிட்டது என்பதைச் சகலருக்கும் இதன்மூலம் அறிவிக்கிறேன். ஆதாரம்: 1964-ல் முன்சீப் கோர்ட்டில் ஒரு நிபுணர் சத்தியம் செய்து சொன்னது. (என் வரப்புத் தகராறுக்கு வாய்தா வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்தது. மிச்சம் கைச்சரக்கு.)

2

'அந்தி வெயில் ராஜகிரியின் மேல்...' வேண்டாம். வரிக் கதையில் வெயிலுக்கு என்ன வேலை?

மெஹர் பானுவின் வீடு கோட்டைச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கட்டியது. வரிக்கு மதிப்புப் போட வந்தவர் ஓவர்சியர் கோதண்டராமன். கோஷா வீடு, ஆம்பளை நுழைவது மரியாதையில்லை என்று தெருவிலேயே நின்று, பக்கத்தில் கோட்டைச் சுவர் இடிந்திருந்த சந்து வழியாக அந்தப் பக்கத்து அகழி வரைக்கும் டேப்பு பிடித்தார். முப்பத்திரண்டு அடி. அதில் இருபது அடி வெறும் கோட்டைச் சுவரின் கனம். வரி ஏறக்குறைய மூன்று மடங்கானது. அவளால் கட்ட முடியவில்லை. கோட்டைமேட்டுப் பஞ்சாயத்து ஆட்கள் ஜப்தி என்று வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து கோணிப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தைக்கிறாள். கோர்ட்டில் அவள் கேட்டது அந்தக் கதவைத்தான்.

(கோதண்டராமனை வில்லனாக்கப் பார்த்தேன். மனுஷன் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்.)

3

பஞ்சாயத்து வக்கீல், நிபுணராகக் கூண்டேறிய கோதண்டராமனின் ஓவர்சியர் பட்டயத்தைப் பத்து நிமிஷம் புகழ்ந்தார். அந்தம்மாவுக்கு ரவிக்கை அளவுதானே தெரியும் என்றார். வீட்டு நீளம் உனக்கு எப்படித் தெரியும் என்று முன்சீப் அவளையே கேட்டார்.

"பாய் விரிச்சுப் பாத்தேங்க. நீட்டுல ரெண்டு ஆறடிப் பாய். மூணாவது போட்டா சொவுத்துல முட்டுது."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். அவள் முடிக்கவில்லை.

"அந்தச் சொவுரும் என் வூடுதான்னு இவரு சொல்றாரில்ல? அப்ப பட்டா குடுத்துடுங்க ஐயா. வரியக் கட்டிடறேன்."

நிபுணர் சொன்னதற்கெல்லாம் கோர்ட் தலையாட்ட வேண்டியதில்லை என்பதுதான் சட்டம். ஆனால் 'பட்டயத்தை விட்டுப் பாயை நம்பினேன்' என்று எழுத எந்த முன்சீப்புக்குக் கை வரும்? மேல்கோர்ட்டில் சிரிப்பார்களே.

4

முதல் முடிவு: முன்சீப்பே இரண்டு பாயோடு அவள் வீட்டுக்குப் போய்... அடித்துவிட்டேன். அவருக்கு மூட்டுவலி.

இரண்டாவது: நிபுணர் ஜெயிக்கிறார். மெஹர் பானு தன் இருபதடிச் சுவருக்குப் பட்டா வாங்கிக்கொண்டு...

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முன்சீப்பும் தீர்ப்பைத் தள்ளித்தான் வைத்தார்.

கதவைப் பஞ்சாயத்து ஆபீசில் மேஜையாகப் போட்டுவிட்டார்கள்.