வெள்ளத்தில் எண்ணிய பூச்சிகள்

சூழலியலில் முதுகலை முடிப்பவர்களில் ஆண்டுக்கு ஒருவரை ஓடைக்கரை ஆய்வு நிலையம் ஈராண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். அந்த ஆண்டு நேர்காணல்வரை போனவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, கொக்கு என்று வகுப்பே கூப்பிட்ட நெட்டைப் பெண். முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பாள். இன்னொருத்தி அவளுடைய தோழி. வீட்டில் கடைக்குட்டி என்பதால் பாப்பா. கல்லூரியிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இருவருக்கும் ஆய்வு ஒரே ஓடையில்தான். பாலத்துக்கு மேல்பகுதி கொக்குக்கு, கீழ்ப்பகுதி பாப்பாவுக்கு. சனிக்கிழமைதோறும் கல்லைப் புரட்டி, வலையில் விழும் பூச்சிகளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். பூச்சி குறைந்தால் தண்ணீருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். மொத்தம் பன்னிரண்டு வாரம். ஏழாவது வாரமும் எட்டாவது வாரமும் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கொக்கு இரண்டு சனிக்கிழமையும் கரைவரை போய், சுழித்து ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ‘வெள்ளம், இறங்க முடியவில்லை’ என்று எழுதிக்கொண்டு திரும்பினாள். பாப்பா போகவே இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பத்து மணிவரை தூங்கினாள். பிறகு ஆறாவது வாரத்து எண்களை முன்னால் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, அந்த இரண்டு பக்கங்களையும் நிரப்பினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நேர்காணலில் நிலையத்தின் தலைவி அந்தப் பக்கங்களில்தான் விரலை வைத்தார்.

“வெள்ளத்துலயும் பூச்சி குறையலையே! அந்தத் தண்ணியில எப்படிம்மா இறங்கின?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது. “இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்கிட்டேன், மேடம்.”

இடம் அவளுக்கே கிடைத்தது. பட்டியல் ஒட்டிய அன்று கொக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “உனக்குத்தான்டி கிடைக்கணும். நான் பயந்துபோய்த் திரும்பிட்டேன், நீ இறங்கிட்ட.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லடி” என்றாள் பாப்பா. முகம் எரிந்தது. கொக்கு அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

பயிற்சி தொடங்கிய ஐந்தாவது வாரம் பெருமழை. காலையில் மேடம் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றுச் சுருளோடு வந்து நின்றார். வயது ஐம்பத்தைந்து. ஒரு முழங்கால் சரியில்லாமல் அதில் எப்போதும் பட்டை சுற்றியிருப்பார்.

“வா, உன் கணக்கை இன்னிக்குச் சோதிச்சுப் பாத்துடலாம். அது சரின்னா, வெள்ளம் பூச்சியை அடிச்சிட்டுப் போயிடும்னு நாங்க இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்ததே தப்புன்னு ஆயிடும்மா.”

வழியெல்லாம் பாப்பா, மேடம் தானாகவே திரும்பிவிட மாட்டாரா என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். அவர் திரும்பவில்லை. பாலத்தடியில் தண்ணீர் மண் நிறத்தில் உறுமிக்கொண்டு போனது. மேடம் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“எந்த இடத்துல இறங்கின? காட்டு.”

“வேண்டாம் மேடம், இறங்காதீங்க.”

“சின்னப் பொண்ணு நீயே இறங்கியிருக்க. எனக்கென்ன?” ஒரு கால் தண்ணீருக்குள் போய்விட்டது.

பாப்பா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். “நான் இறங்கவே இல்ல மேடம்! இந்தப் பக்கமே வரல. அந்த எண்ணெல்லாம் வீட்ல உக்காந்து எழுதினது.”

மேடம் கரையேறினார். நனைந்த முடிச்சு அவிழ நேரமானது.

“அந்த நெட்டைப் பொண்ணுகிட்ட நான் என்ன கேட்டேன் தெரியுமா? ‘உன் தோழியால முடிஞ்சது, உன்னால ஏன் முடியல’ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா.”

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மேடம் நடக்கத் தொடங்கினார். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பாப்பாவுக்கு.

பயிற்சி இடம் பறிபோனது. கல்லூரி ஆய்வேட்டைத் திருப்பியனுப்பி, பன்னிரண்டு வாரத்தையும் முதலிலிருந்து செய்யச் சொன்னது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கொக்கு வீட்டுப் படியேறியதுதான் மலையாக இருந்தது. கொக்கு அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆகியிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அந்த ரெண்டு சனிக்கிழமையும் என்னடி பண்ணின?”

“தூங்கினேன்.”

“தூங்கினியா?” கொக்கு சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “‘எனக்கு இந்த வேலைக்குத் தைரியம் பத்தாதுப்பா’ன்னு எங்க அப்பாகிட்ட சொல்லிட்டு ஸ்கூல்ல சேந்தேன்டி. தினமும் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை. பாப்பாதான் படியிறங்கினாள்.

அடுத்த மாதம் கொக்கு நிலையத்தில் சேர்ந்தாள். பாப்பா ஓராண்டு கழித்து, வேறோர் ஊர் நிலையத்தின் ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். பரிந்துரைக் கடிதம் கேட்டு மேடத்துக்கே எழுதினாள். ‘நடந்தது முழுவதையும் எழுதுவேன், சம்மதமா?’ என்று பதில் வந்தது. சம்மதம் என்று எழுதி அனுப்பினாள்.

இடம் கிடைத்தது. முதல் நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். தன் முறை வந்ததும் அவள் எழுந்தாள். அந்தக் கடிதத்தை இவர்களில் யார் யார் படித்திருப்பார்கள் என்று தெரியாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு சனிக்கிழமைகளிலிருந்து பேசத் தொடங்கினாள்.