பதினொன்றே காலுக்கு ஏழாவது மாடி

மூன்று மணியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். நாலு மணிக்கு அப்பாவை மானேஜர் வரச் சொல்லியிருந்தார். எங்கள் அடித்தள ஆபீசில் இருப்பது ஒரு மேசை, மூன்று நாற்காலி, சாவிகள் தொங்கும் ஒரு பலகை. நடக்க ஆறடி இடம்தான். அதையே நான் இருபது தடவை அளந்திருப்பேன்.

"இன்ஜினியரம்மா, நடந்து நடந்து தரையைத் தேய்ச்சுடாதீங்க. அதுக்கும் ஒரு ஃபாரம் எழுதணும்" என்றார் வாட்ச்மேன், வாசலில் நின்றபடி.

"உங்க வேலையைப் பாருங்கண்ணே."

"என் வேலையே பார்க்கிறதுதானே."

சிரிப்பு வரவில்லை எனக்கு. நேற்று அப்பா ஏழாவது மாடி டாக்டரம்மா வீட்டு ஹீட்டரைக் கழுவப் போனார். கழுவி முடிப்பதற்குள், உள்ளே தண்ணீரைச் சுட வைக்கும் ஹீட்டிங் காயில் வெடித்துவிட்டது. டாக்டரம்மா புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மானேஜர் ஒரு கடிதம் தயார் செய்துவிட்டார். வேலை செய்தவரின் கவனக்குறைவால் நடந்தது என்று அதில் இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டால் மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.

அப்பாவை இந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஸ்பானர் என்பார்கள். பன்னிரண்டு மாடியிலும் அவருக்கு வேறு பெயர் இருப்பதாக யாரும் நினைத்ததே இல்லை. பத்தொன்பது வருஷமாக இங்கே குழாயும் ஹீட்டரும் அவர் கையில்தான். நான் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பராமரிப்பு இன்ஜினியர், பயிற்சிக் காலம். வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரம் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். நான் படித்த நாலு வருஷமும் அப்பா ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனார். இந்த வெள்ளிக்கிழமைக்காக எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இங்கே வரும் தண்ணீர் கடின நீர். வருஷத்துக்கு ஒரு தடவை கழுவாவிட்டால் ஹீட்டர் டேங்கின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், உடைந்த முட்டை ஓடு மாதிரி. சுட வைக்கும்போது உள்ளே யாரோ கல்லை உருட்டுவது போலச் சத்தம் வரும். கழுவுவது பெரிய வித்தை இல்லை. கரன்ட்டை நிறுத்த வேண்டும். உள்ளே வரும் தண்ணீரை மூட வேண்டும். அடியில் இருக்கும் வடிகுழாயில் ஹோஸை மாட்டித் திறந்துவிட வேண்டும். பால் போலக் கலங்கி வரும். பிறகு தண்ணீரை விட்டு விட்டு நிறுத்தி, மண்டியைக் கலக்கி வெளியே தள்ள வேண்டும். கடைசியில் டேங்க் முழுக்க நிரம்பிய பிறகுதான் கரன்ட். டேங்க் காலியாக இருக்கும்போது கரன்ட் கொடுத்தால் காயில் ரெண்டு நிமிஷத்தில் சிவந்து வெடித்துவிடும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அதற்காக அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டு ஹீட்டரைத் தொட்டாலும், வராந்தாவில் இருக்கும் கரன்ட் பெட்டியிலிருந்து அந்த வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து அவரே திரும்பச் செருகினால்தான் கரன்ட். ரெண்டு மூன்று வீடு என்றால் பைக்குள் ஃப்யூஸெல்லாம் கடகடவென்று மோதும். "ஸ்பானர் சட்டையில ஒரு மாடிக் கரன்ட் இருக்கு, கட்டிப் பிடிச்சுடாதீங்கடா" என்று கேலி செய்வார்கள்.

நான் வந்ததும் முதல் காரியமாக அந்த ஃப்யூஸ்களை எடுத்துவிட்டு பிரேக்கர் போட வைத்தேன். பெட்டிக்குப் பூட்டு. சாவி என்னிடம். ஒவ்வொரு ஹீட்டருக்கும் ஒரு ஃபாரம். ஆரம்பித்த நேரம், டேங்க் நிரம்பிய நேரம், வேலை செய்தவர் கையெழுத்து. முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மானேஜர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் கால் தரையில் படவில்லை.

ஆனால் அப்பா எழுத மாட்டார். எழுத மாட்டார் என்ன, எழுத வராது. பெயர் மட்டும் போடுவார், அதையும் வரைவார். அதனால் காலையில் வீட்டிலேயே, டீ குடிக்கும் நேரத்தில், அன்றைய ஃபாரம் எல்லாவற்றிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். மீதியை நான் நிரப்புவேன்.

"இவரு கையெழுத்துப் போடுற நேரத்துல ஒரு டேங்கே ரொம்பிடும்" என்பாள் அம்மா.

"நீ மட்டும் என்ன, கலெக்டரா?" என்பார் அப்பா.

நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நிரம்பிவிட்டது என்று சொல்லும் தாளில் நிரப்புவதற்கு முன்பே கையெழுத்து. அதை ஏற்பாடு செய்தவள் படித்தவள்.

நேற்று பத்தரைக்கு ஏழாவது மாடியில் பிரேக்கரை இறக்கிவிட்டு, ஃபாரத்தில் பத்தரை என்று எழுதினேன். பதினொன்று பத்துக்கு என் போன் அடித்தது. மானேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார். திரையில் 'பிளம்பர் 2' என்று வந்தது. அப்பாவை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். ஆபீசில் 'அப்பா' என்று திரை மின்னுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போனைக் கட் செய்தேன்.

"வாங்க, உங்க சிஸ்டம் எப்படி ஓடுதுன்னு பார்ப்போம்" என்று மானேஜர் எழுந்தார். ரெண்டு பேரும் ஏழாவது மாடிக்குப் போனோம். லிஃப்டை விட்டு இறங்கியதுமே கரன்ட் பெட்டி. டாக்டரம்மா வீடு அங்கிருந்து இருபது தப்படி இருக்கும். கதவு சாத்தியிருந்தது. மணி பதினொன்றே கால். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கையில் கையெழுத்துப் போட்ட ஃபாரம். நிரம்பிய நேரம் என்ற கட்டத்தில் 11.15 என்று எழுதினேன், பூட்டைத் திறந்து பிரேக்கரை மேலே தள்ளினேன்.

"பர்ஃபெக்ட்" என்றார் மானேஜர்.

அந்த இருபது தப்படி நான் நடக்கவில்லை.

நாங்கள் லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பிரேக்கர் தானாக விழுந்து கரன்ட்டை நிறுத்தியிருக்கிறது. மத்தியானம் புகார் வந்ததும் எனக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது. முக்கால் மணி நேரத்தில் முடிக்க முடியாதா? முடியவில்லை என்றால் சொல்ல வாயில்லையா? சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தேன்.

"ஏம்ப்பா லேட் பண்ணீங்க?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால். அவர் இடது கைக்காரர் இல்லை.

"வடிகுழா அடைச்சுக்கிச்சும்மா. பெரிய பெரிய கட்டியா வந்து நின்னுடுச்சு. கம்பியை விட்டுக் குத்திட்டிருந்தேன்."

"கை என்ன?"

"வழுக்கிட்டேன்."

"வழுக்கிட்டாராம்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "பொறந்ததுலேர்ந்து ஈரத்துல நிக்கிற மனுஷன், இன்னிக்குத்தான் வழுக்கிட்டாராம். அந்தக் கையைக் காட்டச் சொல்லுடி. எனக்குக் காட்ட மாட்டேங்கிறாரு."

நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வலது உள்ளங்கையில் கம்பி பிடித்திருந்த இடத்தில் ஒரு கோடு, வெள்ளையாக வெந்திருந்தது. முழங்கையில் சுவரில் மோதிய காயம். காயில் வெடித்தபோது கம்பி வழியாகக் கரன்ட் அடித்த கை. நான் கொடுத்த கரன்ட்.

பிரேக்கர் உடனே விழுந்ததால்தானே பிழைத்தார், அது நான் போட வைத்ததுதானே என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. வெட்கங்கெட்ட மனசு. ஃப்யூஸ் அவர் பையில் இருந்திருந்தால் கரன்ட்டே வந்திருக்காது.

"போன் பண்ணீங்களே, அப்ப எதுக்கு?"

"இன்னும் ஆவலைன்னு சொல்லத்தான். நீ எடுக்கலை, வேலையா இருப்பியோன்னு விட்டுட்டேன்."

"நான்தான்ப்பா போட்டேன்."

"தெரியும். பெட்டிச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?" தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டுடறேன். நீ வாயைத் திறக்காத. எனக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம், எப்படியும் முட்டி போயிடும். உனக்கு வெள்ளிக்கிழமை இருக்கு."

"உங்க மேல பழி போட்டுட்டு நான் அந்த நாற்காலியில உட்காரணுமா?"

"உட்காரத்தானே படிக்க வெச்சேன்!" என்று கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டதில்லை.

அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மருந்தை எடுத்து வந்து அவர் கையில் தடவினாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தடவினாள்.

இன்று நாலு மணிக்கு அப்பா ஆபீசுக்கு வந்தார். துவைத்த சட்டை. மானேஜர் நாற்காலியைக் காட்டினார், அவர் உட்காரவில்லை. மேசையில் கடிதம், பக்கத்தில் ஃபாரம்.

"பாருங்க ஸ்பானர், டேங்க் ஃபுல்லுன்னு எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உள்ளே தண்ணியே இல்லை. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

"தப்புதான் சார்" என்றார் அப்பா. பேனாவை வாங்கினார். வெந்த கையில் அது நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினார். மேசை மேல் குனிந்து முதல் எழுத்தை வரைய ஆரம்பித்தார். கோடு நடுங்கிக் கீழே போனது. நான் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் சாவிப் பலகைக்கும் மேசைக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தேன். ரெண்டாவது எழுத்தில் சுழிக்க வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

கடிதத்தை அவர் கைக்கு அடியிலிருந்து உருவினேன்.

"சார், ஃபாரத்துல இருக்கிற பதினொண்ணே கால் நான் எழுதினது. பிரேக்கரைப் போட்டது நான். நீங்க பக்கத்துல நின்னு பர்ஃபெக்ட்னு சொன்னீங்க."

"அம்மாடி!" என்றார் அப்பா.

"அவர் காலையிலேயே வெறும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுடுவார். அப்படிப் போடச் சொன்னதே நான்தான். அவருக்கு எழுத வராது சார். நான் பிரேக்கரைப் போடறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணினார், நான் கட் பண்ணிட்டேன்."

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"இது நான் கேட்கலைன்னு வெச்சுக்கலாம்" என்றார் மெதுவாக. "உங்க ஃபைல் க்ளீனா இருக்கு. எதுக்கும்மா?"

"நீங்க கேட்டாச்சு சார்."

ஃபாரத்தை எடுத்தேன். 11.15 என்பதற்குப் பக்கத்தில், 'இந்த நேரத்தில் டேங்க் காலி. நான் போய்ப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு எழுத வருமே.

மானேஜர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி டிராயரில் போட்டார். கிழிக்கவில்லை. "ஸ்பானர், நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றார். பிறகு என்னிடம், "உங்களுக்கு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார். இதுவரை என்னை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஏழாவது மாடிக்கு லிஃப்டில் போகும்போது அப்பா புதுக் காயிலை மார்போடு பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது பேசுங்கப்பா."

"பேசற மாதிரியா பண்ணியிருக்க?"

டாக்டரம்மா கதவைத் திறந்தார். எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்காவது முடியுமா?"

"முடியும். நேத்து அவர் மேல தப்பில்லை, ஆபீஸ் மேல தப்பு. என் மேல" என்றேன். டாக்டரம்மா ஒதுங்கி வழிவிட்டார்.

அப்பா வராந்தாவிலேயே நின்றார். "சாவியைக் குடு."

"பிரேக்கரை இறக்கிட்டேன்ப்பா. பூட்டியாச்சு."

"சாவியைக் குடுன்னேன்."

கொடுத்தேன். பெட்டிக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பையை ஒரு தட்டுத் தட்டினார்.

மீதி மண்டியைக் கழுவ ஒரு மணி நேரம் ஆனது. கம்பியை நான் பிடித்தேன், அவர் தண்ணீரை விட்டு விட்டு மூடினார். வாளியில் விரல் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கட்டிகள் வந்து விழுந்தன. காயிலை மாற்றி, வடிகுழாயை மூடி, தண்ணீரைத் திறந்தோம்.

நான் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரில் நின்றேன். டேங்க் நிரம்பினால்தான் அதில் தண்ணீர் வரும். முதலில் வெறும் காற்று. பிறகு இருமியது, துப்பியது, நின்றது, மறுபடி துப்பியது. எட்டிப் பார்த்தால் அப்பா பையில் கை வைத்தபடி டேங்கில் காதை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு வழியாக நூல் பிடித்தது போலத் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

"ரொம்பிடுச்சுப்பா."

அவர் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்றார்.