கையெழுத்துப் போட்ட இடம்

நெட்டையனுக்கு நான் தரவேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூறு. வணிக நிர்வாகக் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்த வாரம், முன்பணம் கட்டக் குறைந்த தொகை அது. கேட்ட மறுநாளே வேலைக்கு வரும்போது கொண்டுவந்து என் சட்டைப்பையில் திணித்தான். "வட்டி கிட்டின்னு வாயத் தொறந்தே, கண்ணாடிய உன் கால்மேல போட்டுருவேன்" என்றான். நாங்கள் இருவரும் கண்ணாடி தூக்குகிறவர்கள். உயரமான கட்டடங்களின் ஜன்னல்களுக்குப் போகும் பெரிய கண்ணாடிகள், லிஃப்டுக்குள் நுழையாது. படியில்தான் ஏற்றவேண்டும். அவன் முன்னால், நான் பின்னால்.

அந்தக் கல்லூரியில் மற்றவர்களுக்கு முந்தியே விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் கொடுத்துவிட்டால் அங்கேதான் சேரவேண்டும், வேறு இடங்களில் போட்டதையெல்லாம் வாபஸ் வாங்கிவிட வேண்டும். இதற்குச் சம்மதம் என்று பிள்ளையும், பெற்றவரும், பள்ளியின் பொறுப்பு டீச்சரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். நான் தலை நரைக்க ஆரம்பித்தபிறகு மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தவன். அதனால்தான் நெட்டையன் என்னை வாத்தியாரே என்பான். அந்தத் தாளை நானே எழுத்துக்கூட்டி ஒரு வரி விடாமல் வாசித்தேன். விளக்கிச் சொல்லட்டுமா என்று டீச்சர் கேட்டபோது வேண்டாம் என்றேன். விளங்கித்தான் கையெழுத்துப் போட்டேன். பாதிக் கட்டணம் கல்லூரி தள்ளுபடி, மறுபாதி நான். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனால் கட்டிவிடலாம். கட்ட முடியாமல் நாங்கள் பின்வாங்கினோம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

மற்ற விண்ணப்பங்களை மகள் வாபஸ் வாங்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா, சோறா கேக்குது" என்று சொன்னவன் நான்தான். அங்கிருந்து பதில் வந்தது. கட்டணமே கிடையாது, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து காட்டினாள்.

"பாருப்பா, வேணாம்னு சொல்லப்போற எடத்துல வந்து பந்தியப் போட்டுக் கூப்புடறாங்க."

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஒரு காலில் பூட்ஸைக் கழற்றியிருந்தேன். இன்னொன்றின் கயிற்றைப் பிடித்தபடி அவள் வாசித்ததைக் கேட்டேன். கேட்கக் கேட்க உடம்புக்குள் ஏதோ ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போவது மாதிரி இருந்தது.

"அங்கயே போயிடும்மா" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "கையெழுத்து போட்டிருக்கோம்ப்பா."

"தெரியும்."

"டீச்சரும் போட்டிருக்காங்க."

"தெரியும்மா."

"உடம்பு ஏதாச்சும் பண்ணுதா?"

"நல்லாத்தான் இருக்கு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். ஒரு நோய் இருந்திருந்தால் எடுத்துக் காட்டியிருப்பேன். எனக்கு இருந்தது வெறும் அலுப்பு. அதை எந்த ஆஸ்பத்திரியிலும் எழுதித் தரமாட்டார்கள். அவள் வந்த பதிலை மடித்து வைத்தாள். பிறகு "சரிப்பா" என்றாள். அந்தச் சரியை நான் சண்டை போட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

டீச்சரைப் பார்க்க இருவரும் போனோம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன், அதற்கும் வெட்கப்பட்டேன். டீச்சர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, மகளின் தோளில் தட்டி உட்காரச் சொன்னார். விஷயத்தை மகளே சொன்னாள். கேட்டபிறகும் டீச்சர் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"கட்ட முடியலன்னா அதுக்கு வழி இருக்குங்க. வருமானத்தக் காட்டி நான் எழுதறேன், அவங்களே விட்டுடுவாங்க. யாரும் தப்பா எடுத்துக்கமாட்டாங்க. முடியலதானே?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆட்டத்தான் இருந்தேன்.

"முடியும் டீச்சர்" என்றாள் மகள். "முடியும்னுதான் அப்பா போட்டாரு."

நான் ஜன்னல் கண்ணாடியின் மூலையில் ஓடியிருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் என்னன்னு எழுதறது?" என்றார் டீச்சர்.

"மனசு மாறிடுச்சுன்னு எழுதுங்க" என்றேன்.

"யாரு மனசு?"

"என் மனசுதாங்க."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவங்களுக்கு உங்களத் தெரியாது, இவளத் தெரியாது. என்னத்தான் தெரியும். நான் சொன்னா சொன்னபடி நடக்கும்னு நம்பித்தான் நம்ம பள்ளிக்கூடத்துலேர்ந்து மொதமொதலா ஒரு புள்ளைய எடுத்தாங்க. அடுத்த வருஷம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னொருத்திய அனுப்பறது? அனுப்பினாலும் எடுப்பாங்களா?"

அந்த இன்னொருத்தி யார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நெட்டையனின் மகள். இவளுக்கு ஒரு வகுப்பு கீழே, இவள் விட்ட புத்தகங்களைப் படிக்கிறவள், அக்கா அக்கா என்று பின்னாலேயே வருகிறவள்.

கண்ணாடி தூக்கும்போது கை ஓய்ந்துவிட்டால் "வை" என்று சொல்லவேண்டும். எந்தப் படியில் இருந்தாலும் மற்றவன் நின்று இறக்குவான். அதில் ஒரு குறைச்சலும் இல்லை, நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் கையை விட்டவனோடு மட்டும் மறுநாள் யாரும் ஜோடி சேரமாட்டார்கள். டீச்சரின் எதிரில் உட்கார்ந்திருந்தபோது என் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மனசு மாறியதென்றே டீச்சரை எழுதச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது மகள் எனக்கு முன்னால் நடந்தாள். தெரு முனையில் நின்று, "நெட்டை மாமாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"நான் சொல்றேன்."

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லலாம் என்று போவேன், சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று இருப்பேன், பஸ் ஏறும்போது நாளைக்கு என்று வந்துவிடுவேன். சம்பளத்தன்று அவன் கடனில் மூவாயிரத்தைத் தனியாக மடித்து எடுத்துக்கொண்டேன். பணத்தைக் கையில் வைத்து அழுத்தும்போது கூடவே வார்த்தையும் வந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

"மொதல்ல தூக்கு" என்று பணத்தைப் பார்க்காமலே தள்ளிவிட்டான். அன்றைக்கு ஏற்றவேண்டிய கண்ணாடி ஆளைவிட உயரம். இரண்டாவது மாடி தாண்டியதும் அவனே ஆரம்பித்தான்.

"வாத்தியாரே, அந்தப் பணத்த மறந்துடு."

"என்னடா ஒளர்றே?"

"ஒளறல. எம்பொண்ணும் அதே காலேஜுக்குத்தான் போடப்போறாளாம். வேற எங்கயும் போடமாட்டாளாம், ராத்திரி ஒரே அடம். உம்பொண்ணு உள்ள போயிட்டா, இவளுக்காக ஒரு வார்த்த சொல்லமாட்டாளா என்ன? பதினெட்டாயிரம் ஒரு பணமாய்யா? தீந்துச்சு. இனிமே அதப் பத்திப் பேசினே, இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

"நெட்டை, நான் ஒண்ணு சொல்லணும்."

"மேல போய்ச் சொல்லு. திருப்பம் வருது, உன் பக்கத்த ஏத்து."

திருப்பத்தில் கண்ணாடி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. அதன் வழியாக அவன் முகம் தெரிந்தது. படி ஜன்னலின் வெளிச்சம் பட்டு, அதன்மேலேயே என் முகமும் தெரிந்தது. அவன் வியர்த்து, சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னுங் கொஞ்சம்" என்றான்.

நான் ஏற்றினேன்.