ஊதா என்றால் ஏழு

நாகலாபுரம் சுடலைமாடனுக்கு எழுபது வயது ஆகிறது. மோட்டார் சைக்கிள் நன்றாக ஓட்டுவார். ஆனால் லைசென்ஸ் எடுக்க ஒருநாளும் போனதில்லை. கண்ணைச் சோதிப்பார்களோ என்று பயம். மிளகாய் வற்றலைச் சாக்கில் கட்டும்போதுகூட, நல்ல சிவப்பாகத்தான் இருக்கிறதா என்று மனைவி வெயிலுகந்தம்மாளைக் கேட்டுக்கொள்வார். அவருக்குச் சிவப்பு தெரியாமலில்லை. தனக்குத் தெரிவதும் ஊருக்குத் தெரிவதும் ஒரே சிவப்புதானா என்பதுதான் போன தை மாதம் வரை அவருக்குச் சந்தேகம். பதினாறு வயதில் பட்டாளத்தில் அவரை நிறக்குருடு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பிள்ளைகளே. அந்த வயதில் விழுகிற சொல் முள் மாதிரி, உள்ளேயே ஒடிந்து கிடக்கும்.

அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு ரேடியோ வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்றால், மீசை முளைக்காத பையன்களாகப் பார்த்து எடுத்து, சாப்பாடு போட்டு, வருஷக்கணக்கில் பழக்குவார்கள். அப்ரண்டிஸ் என்று பேர். கோவில்பட்டி ஹாஸ்டலில் ஒன்றாகப் படித்த இருவர் அப்படிச் சேர்ந்தார்கள். ஒருவர் சுடலைமாடன். மற்றவர் கோவில்பட்டி பலசரக்குக் கடைக்காரர் மகன் காளிராஜ்.

வடக்கே எங்கோ குளிர்கிற ஊரில் பட்டாளப் பள்ளி. பாடமெல்லாம் இந்தியும் இங்கிலீஷும். கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வந்தது. கரிசல்காட்டுப் பிள்ளைக்குத் தமிழைத் தவிர எதுவும் வரவில்லை. ரேடியோவுக்குள் ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கும், நெல்மணி பருமனுக்கு. அதன்மேல் வளையம் வளையமாக நிறம் பூசியிருப்பார்கள். எண்ணை எழுத இடமில்லாததால் ஒவ்வொரு நிறமும் ஓர் எண். கறுப்பு என்றால் சைபர், வெள்ளை என்றால் ஒன்பது. இதை மனப்பாடம் செய்ய முடியாமல் சுடலைமாடன் அழுதபோது, காளிராஜ் ஒரு பாட்டுக் கட்டிக் கொடுத்தார்.

கரிசக் காட்டுல காப்பி குடிச்சான்
செவலக் காளை ஆரஞ்சு தின்னுச்சு
மஞ்சப் பூசிப் பச்சை குத்தி
நீலம் போட்டு ஊதா கட்டிச்
சாம்பலும் வெள்ளை ஆச்சு.

சைபரிலிருந்து ஒன்பது வரை வரிசை பிசகாது. சுடலைமாடன் காலைக் கவாத்தில்கூட இதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

மூன்றாம் மாதம் சலித்தெடுக்கிற சோதனை வந்தது. ரேடியோ பிரிவில் இடம் கம்மி. வாத்தியார் எண்ணைச் சொல்ல, தட்டிலிருந்து ரெசிஸ்டரைப் பொறுக்கி ஈயத்தால் பற்றவைத்து ரேடியோவைப் பேசவைக்க வேண்டும். காளிராஜின் ரேடியோ பேசியது. சுடலைமாடனுடையது பேசவில்லை. வாத்தியார் பிரித்துப் பார்த்தார். ஆறு வரவேண்டிய இடமெல்லாம் ஏழு, ஏழு வரவேண்டிய இடமெல்லாம் ஆறு. இரண்டு நிறத்துக்கு வித்தியாசம் தெரியாத கண் என்று முடிவு கட்டிவிட்டார். பெரிய டாக்டரிடம் அனுப்பிப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரயிலேற்றிவிட வந்த காளிராஜ், தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, "உன் கண்ணு அப்படி அமைஞ்சுபோச்சு, நீ என்னலே செய்வே" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பெண் பார்க்கப் போன இடங்களில் பையனுக்குக் கண் ஊனமாமே என்றார்கள். வெயிலுகந்தம்மாள் மட்டும், நான் கறுப்பு என்பது தெரிந்தால் போதும், வேறு நிறமெல்லாம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கழுத்தை நீட்டினாள். காளிராஜ் ஒவ்வொரு லீவுக்கும் நாகலாபுரம் வருவார். குருடன் என்று ஊர் சொன்ன காலத்திலும் தன்னைத் தேடி வருகிறானே என்று சுடலைமாடனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நல்லது கெட்டது எதையும் அவரைக் கேட்காமல் செய்ததில்லை.

போன தை மாதம், அந்தப் பட்டாளப் பள்ளியில் பயின்ற நம் பக்கத்து ஆட்களெல்லாம் கோவில்பட்டிக் கல்யாண மண்டபம் ஒன்றில் கூடினார்கள். சுபேதார் மேஜராக ஓய்வு பெற்ற காளிராஜுக்குப் பாராட்டு. என் முதல் சிநேகிதன் கையால் பொன்னாடை போட்டால்தான் மேடை ஏறுவேன் என்று அவர் அடம்பிடித்ததால், சுடலைமாடனும் வெயிலுகந்தம்மாளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

காளிராஜ் நன்றாகப் பேசினார். வால்வு சூடேற விளக்கு மாதிரி எரிந்த ரேடியோ, பிறகு வந்த டிரான்சிஸ்டர், இப்போது நகத்தளவில் அடங்கிவிட்ட சில்லு, ஈயம் பற்றவைத்துச் சுட்டுக்கொண்ட விரல்கள், எல்லாம் சொன்னார். பிறகு பாட்டைப் பாடினார். கிழவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவருக்கு வாய் நிற்கவில்லை.

"இன்னொரு கூத்து சொல்லுதேன் கேளுங்க. நம்ம சுடலைக்கு ஊதான்னா பேனாவுல ஊத்துத மை. நீலம்னா வேட்டிக்குப் போடுத நீலம், அது கத்திரிப்பூக் கணக்கா இருக்கும்லா? பேரு ரெண்டும் தலைகீழா, ஆறும் ஏழும் இடம் மாறிப்போச்சு! நாங்க போன ரயில்லயே பேனா மையக் காட்டி ஊதாங்கான். அதனால சோதனை அன்னைக்கு அவன் கை தட்டுக்குப் போகும்போதே எனக்குத் தெரியும். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மண்டபமே சிரித்தது. சுடலைமாடனும் பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். வெயிலுகந்தம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு அவருக்கு முன்பே விளங்கிவிட்டது.

பேரைச் சொல்லி அழைத்தார்கள். சுடலைமாடன் மேடைக்குப் போனார். பொன்னாடையைப் பிரித்து, மடிப்பில்லாமல் போர்த்தினார். போட்டோவுக்கும் நின்றார். கூட்டத்தில் ஒருவரைத் தலைகுனிய வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கீழே இறங்கினார். எல்லாரும் பந்திக்கு நகர, அவர் வாசலுக்கு நடந்தார்.

எங்கள் பக்கம் விசேஷத்துக்கு வந்தவர் பந்தியில் கை நனைக்காமல் போனால், அதோடு சரி. அப்புறம் இழவுக்குக்கூட வரமாட்டார். காளிராஜுக்கு அது தெரியும். பொன்னாடையோடேயே பின்னால் ஓடி வந்தார்.

"ஏலே, கை நனைக்காமப் போறியா? வெளையாட்டாச் சொன்னதுக்கா?"

சுடலைமாடன் நின்றார். "அன்னைக்கு வாத்தியார்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்னை வச்சிருப்பாவளா?"

"வச்சிருப்பாக. ஆனா அப்போ என் எடம் போயிருமோன்னு..."

"எடத்தை விடு. நீ எடுத்துக்கோ, உனக்குத்தான்னு நானே சொல்லிருப்பேன். நாகலாபுரத்துக்கு எத்தனை தடவை வந்தே. என் வீட்டுல தின்னே. உன் கண்ணு நல்லாத்தான்லே இருக்குன்னு ஒரு தடவை சொன்னா என்ன?"

காளிராஜ் தரையைப் பார்த்தார். "சொன்னா நீ எங்கூடப் பேசமாட்டே. அந்தப் பயம்தான்."

சுடலைமாடன் அழுதுவிடுவாரோ என்று வெயிலுகந்தம்மாள் பயந்தாள். அவர் அழவில்லை.

"எம்புட்டு வருசமா என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன், காளி" என்று மட்டும் சொன்னார்.

வெயிலுகந்தம்மாளுக்குச் சர்க்கரை உண்டு. நேரம் தப்பினால் கை நடுங்கும். காளிராஜ் அதைச் சொல்லித் தடுத்துப் பார்த்தார், தங்கச்சியாவது ஒரு வாய் சாப்பிடட்டும் என்று. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்குப் பசி இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் புருஷனுக்கு முன்னால் நடந்தாள்.

பந்தியில் அவர்களுக்கென்று முன்வரிசையில் இரண்டு இலை போட்டிருந்தார்கள். பாயசம்வரை எல்லாம் வைத்தாகிவிட்டது. பரிமாறுகிறவர்கள் வந்து வந்து கேட்டார்கள், வேறு ஆட்களை உட்கார வைக்கலாமா என்று. காளிராஜ் வாசலைப் பார்த்தபடியே நின்றார். கடைசியில் யாரோ வந்து அந்த இலைகளைச் சோற்றோடு மூடி எடுத்துக்கொண்டு போனார்கள்.