பதினோரு கடிதமும் ஒரே தாளும்

"கடிதமாடா இது? பதினோரு பேர் எழுதினா..."

"பதினோரு கையெழுத்து இருக்குல்ல, கண்ணைத் திறந்து பாருக்கா..."

"கையெழுத்தைச் சொல்லலை நான்..."

"மூணு மணிக்குப் பக்கத்தை முடிக்கணும், நீ மோந்து பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க!"

உண்மையாகவே அக்கா ஒரு கடிதத்தை மூக்கருகே கொண்டுபோயிருந்தாள்.

அவர்கள் இருந்தது, ஆலைத் தொழிலாளிகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்காக அக்கா, தம்பி இருவரின் அப்பா தொடங்கிய நாளிதழின் ஆபீஸ். பெண்பிள்ளைகள் படித்து எழுத ஆரம்பித்த காலத்தில் வாசகர் கடிதப் பக்கம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக அது அக்காவின் பெயரில் வருகிறது. நாளிதழுக்கு முதலாளி, தம்பி. இப்போது பேருந்துக் கம்பெனி, கண்டக்டர் வேலைக்குப் பெண்கள் வரலாமா என்று இந்தப் பக்கத்தில் கேட்கச் சொல்லியிருந்தது. நாளை வரும் பதிலைப் பார்த்துத்தான், பயிற்சி முடித்த பன்னிரண்டு பெண்களை வேலைக்கு எடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். பன்னிரண்டில் ஒருத்தி அக்காவின் மகள்.

"நாலு பேர் வேணுங்கறாங்க, பதினோரு பேர் வேண்டாங்கறாங்க. உன் பொண்ணு இருக்கான்னு மாத்த முடியுமா?"

"மாத்தச் சொல்லலை. யார் எழுதினாங்கன்னு கேக்கறேன்."

"எப்பப் பாரு சந்தேகம்! பஸ் கம்பெனி முதலாளி நம்ம ஆபீசுக்கு வந்தது பொறுக்கலை உனக்கு."

"வரட்டும். கதவை ஏன் சாத்தினீங்க?"

"ஏசி ஓடுதுக்கா."

"உள்ள ரெண்டு பேர். மூணு டீ போச்சு. மூணாவது யாருக்குடா?"

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான்.

அக்கா ஒரு கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் நிறத் தாள், ஒரு ஓரம் கத்தியால் அறுத்த பிசிறு. அச்சு இயந்திரத்தில் காகித ரீல் தீரும்போது உருளையில் மிஞ்சுவதை வெட்டிக் கட்டாகத் தைத்து, குறிப்பெழுத ஆபீசுக்குள்ளேயே கொடுப்பார்கள். எந்தக் கடையிலும் கிடைக்காது.

"பதினொண்ணும் நம்ம ரீல் தாள்."

"மெஷின்காரன் எவனாவது எடுத்துட்டுப் போயி அக்கம்பக்கம் கொடுத்திருப்பான்."

"பதினோரு தெருவுக்குமா? அவன் என்ன பேப்பர் போடறவனா?"

"அக்கா, விடேன்..."

"இந்த மாசம் கட்டு வந்தது மூணு மேஜைக்கு. உன்னோடது, என்னோடது, புரூஃப் மேஜை. நீ எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒரு கையெழுத்துக்கே வக்கில்லை, பதினொண்ணுக்கு எங்கே போவ?"

வேறு நேரமாக இருந்தால் தம்பி சிரித்திருப்பான். அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி வாசலுக்குப் போனது.

புரூஃப் திருத்துகிறவர் அங்கே நின்றிருந்தார், அக்காவின் கணவர். முப்பது வருடமாக ஊரார் கையெழுத்தையெல்லாம் படித்தவர். மாமனாரின் கையெழுத்தை அப்படியே போட்டுக்காட்டி வீட்டையே சிரிக்கவைத்தவர். ஆறு வாரப் பயிற்சிக்கும் மகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

"அத்தான், நீங்களே சொல்லுங்க, அக்கா வந்து..."

அவர் கையிலிருந்த புரூஃபை இரண்டாக மடித்தார். பிறகு நாலாக.

அக்கா பதினோரு கடிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"ஏங்க, இதை நம்ம பொண்ணுகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"