பின்வாசல் இல்லாத வீடு

1818ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை. அன்று நடந்ததைப் பற்றிய முறையீடு இதுதான்: லயனல் டாரன்ட் துரை தேம்ஸ் நதிக்கரையில் கட்டிய புது மாளிகையில், வேலைக்காரர்கள் வெளியேற ஒரு வாசல் இல்லை.

எத்திசையிலிருந்து நோக்கினாலும் வீடு முகப்பாகவே தெரிய வேண்டும் என்பது துரையின் கட்டளை. நான்கு பக்கமும் தூண்கள். நான்கு பக்கமும் புல்வெளி. செங்கல்லின்மேல் சாந்து பூசி, கல் அடுக்கியதுபோல் கோடு கிழித்து, வந்தவரிடமெல்லாம் அதைக் கல் என்றே சொல்லிக்கொண்டார். முதுகே இல்லாத வீட்டில் அடுக்களையை எங்கே வைப்பது? பூமிக்கடியில் வைத்தார்கள். அங்கிருந்து வெளியேற இரண்டே வழிகள். ஒன்று, புல்வெளியின் அடியில் குதிரை லாயம்வரை செல்லும் சுரங்கம். மற்றொன்று, சாப்பாட்டு அறைச் சுவரில் போய் முடியும் குறுகிய படிக்கட்டு. அதன் உச்சியில் ஒரு கதவு உண்டு. ஆனால், அறைக்குள் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அது கதவன்று; நிலையும் இல்லை, பிடியும் இல்லை. ஓர் ஏரியும் அதன் கரையில் வெள்ளைக் கோயிலும் தீட்டிய பாரிஸ் நகரத்துச் சித்திரக் காகிதம், சுவர்மேலும் கதவுமேலும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருந்தது.

அன்று பிற்பகல் கொட்டிய மழையில், சுரங்கத்தின் பள்ளமான நடுப்பகுதி கூரைவரை நீரால் நிரம்பிவிட்டது. வீட்டு நிருவாகத்தைக் கவனித்துவந்த மார்த்தா கிரிம்ஷா இதை உடனே துரையிடம் சொன்னாள்.

"அதுக்கென்ன இப்போ? சாப்பாடு பூரா மேல வந்தாச்சு. விருந்து முடியிறவரைக்கும் உங்கள்ல ஒருத்தர்கூடக் கண்ணுல படக்கூடாது. பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?"

அதை மறந்தவர் எவரும் அவ்வீட்டில் இல்லை. வேலைக்காரர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்பதை விருந்து முடிவதற்குள் கண்டுபிடிப்பதாகப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஸ்ட்ரோட் சவால் விட்டிருந்தார். பந்தயப் பொருள் துரையின் செந்நிறப் பெண்குதிரை. ஆகவே, விருந்தினர் வருமுன்பே ஆறிய பதார்த்தங்கள் அனைத்தையும் மேசையில் பரப்பச் செய்து, மறைகதவைத் துரை தம் கையாலேயே சாப்பாட்டு அறைப் பக்கமிருந்து தாழிட்டார். அந்தத் தாழும் காகிதத்துக்குள் ஒளிந்திருந்தது.

கீழே, சமையற்காரி டோர்கஸ் பழமது பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சமைச்சதத் திம்பாங்களாம், என் மூஞ்சி மட்டும் ஆகாதாம். இவங்க மூஞ்சி மட்டும் என்ன வாழுதாம்? வேகவச்ச டர்னிப்புக் கெழங்கு மாதிரி!"

"மெதுவா பேசுடி, மேல கேட்டுடப்போகுது" என்று மார்த்தா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் டோர்கஸின் கையிலிருந்த பாட்டில் வெடித்தது. புளித்த மதுவின் அழுத்தம் தாங்காத கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. இரத்தம் வழியவில்லை; பீய்ச்சியது.

"லெட்டி! இங்க அமுக்கு! கைய எடுத்த, கொன்னுடுவேன்!" என்று எடுபிடிப் பெண்ணிடம் கத்திய மார்த்தா, தன் கைகள் நனைய டோர்கஸின் மேல்கையைத் துணியால் இறுகக் கட்டினாள். கட்டியும் இரத்தம் நிற்கவில்லை. கடற்படையில் வைத்தியராக இருந்த ஹாலிஸ், தலைக்கு நேர்மேலே விருந்து உண்டுகொண்டிருந்தார். அவரை எப்படி அழைப்பது? மணிக்கம்பிகள் மேலிருந்து கீழே கட்டளை கொண்டுவருவதற்கு மட்டுமே அமைக்கப்பட்டவை.

அவள் படிகளில் ஓடிக் கதவைத் தட்டினாள். மறுபுறம் பேச்சு நின்றது.

"டாரன்ட்! உன் சுவரு பேசுதுய்யா!" இது ஸ்ட்ரோட்டின் குரல்.

"எலி."

"விட்டுவிட்டு மூணு தடவ தட்டுற எலியா? ரொம்ப மரியாதை தெரிஞ்ச எலிதான்!"

பெண்கள் கலகலவென நகைத்தார்கள். அந்த அறைக்குள் மார்த்தாவின் குரல் ஒருநாளும் ஒலித்ததில்லை, ஒலிக்கவும் கூடாது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஹாலிஸ் ஐயா! வைத்தியர் ஐயா! கீழ டோர்கஸ் ரத்தம் போயிச் சாகுறா! கதவத் தொறங்க!"

பின் துரை நிதானமாகச் சொன்னார்: "என்ன ஸ்ட்ரோட், என் வேலைக்காரிய நல்லாத்தான் பழக்கி வச்சிருக்க! நான் பதறிப்போயி கதவக் காட்டிடுவேன்னு நெனச்சியா?"

"நானா? நீதான் என்னை ஏமாத்த ஆள் வச்சிருக்க!"

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். "இன்னொரு தடவ சாகச் சொல்லுங்க!" என்றது ஓர் இளங்குரல்.

மார்த்தா இருட்டில் நின்று அந்தக் கைதட்டலைக் கேட்டாள். கீழேயிருந்து லெட்டி அலறினாள்: "அம்மா, வழுக்குது! என்னால புடிக்க முடியலம்மா!"

படியின் உச்சியில் சாப்பாட்டு அறைக் கணப்புக்கான கரித்தட்டும் இரும்புக்கோலும் இருந்தன. கோலை இரண்டு கையாலும் பற்றி மெல்லிய பலகையில் குத்தினாள்; மறுபடியும் குத்தினாள். ஏரியின்மேல் தீட்டியிருந்த நீல வானம் கிழிந்து, இரும்பு வெளியே வந்தது. அடுத்து அந்தத் துளையின் வழியே அவள் கை வந்தது. விரல்நுனியிலிருந்து முழங்கைவரை இரத்தம். நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது.

"இது நடிப்பில்ல" என்று ஹாலிஸ் எழுந்தார். "கதவத் தொற, டாரன்ட்."

கையை இழுத்துக்கொண்டு துளையின் வழியே மார்த்தா பார்த்தாள். துரையின் முகம் வெளுத்திருந்தது. ஆயினும், அவர் கண்கள் சுவரை நோக்கவில்லை; ஸ்ட்ரோட்டை நோக்கின.

"தொறக்கிறேன். மொதல்ல இவன் பந்தயத்த விட்டுக்கொடுக்கட்டும்."

"நான் எதுக்கு விடணும்? சுவருல கை மொளச்சிருக்கே, தெரியலையா?"

"கை வந்தா அது கதவாயிடுமா?"

இரண்டு கனவான்களும் இதை உண்மையாகவே பேசினார்கள்.

"கோயிலோட மூணாவது தூணு, ஐயா!" என்று மார்த்தா கூவினாள். "அடியில லேசா பொடச்சிருக்கும்! உள்ள அமுக்கி மேல தூக்குங்க!"

சொல்லும்போதே தன் பிழைப்பு முடிந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஹாலிஸ் மண்டியிட்டுத் தடவினார். தாழ் உயர்ந்தது, ஏரி இரண்டாகப் பிளந்து திறந்தது. அவளைத் தாண்டி அவர் இரண்டிரண்டு படிகளாக இறங்கினார்.

டோர்கஸ் பிழைத்தாள். இரண்டு விரல்கள் மட்டும் இன்றுவரை மடங்குவதில்லை.

மறுநாள் காலையில் குதிரை ஸ்ட்ரோட்டின் லாயத்துக்குப் போயிற்று. நண்பகலுக்குள் மார்த்தா வெளியேற்றப்பட்டாள்; நற்சான்று மறுக்கப்பட்டது. "ஒருத்தி சாகக் கெடந்தா என் வீட்டு ரகசியத்தச் சொல்லிடறதா? நாளைக்கு வேற என்னென்ன சொல்லுவா?" என்று துரை தேவாலய வாசலில் எல்லாரும் கேட்கச் சொன்னார், கேட்டவர்கள் தலையசைத்தார்கள். ஹாலிஸ் தாமே ஒரு சான்று எழுதித் தந்தார். அவள் வேலை கேட்டுச் சென்ற சீமாட்டிகளோ, "வைத்தியர் வீட்லயா வேல பாத்த?" என்று அதைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார்கள். இப்போது அவள் ரிச்மண்டில், தங்கை வீட்டு மேல்மாடத்தில், பிறர் துணிக்குக் கஞ்சியிட்டுப் பிழைக்கிறாள்.

இதை வாசிக்கும் நீங்கள் பரிதாபப்பட வேண்டியதில்லை. உங்கள் வீட்டை நிருவகிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறதா? மார்த்தா கிரிம்ஷாவுக்கு ஆள் அனுப்புங்கள். நற்சான்று கேட்காதீர்கள், என்ன சம்பளம் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.