நான்கெழுத்துக்கு இடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பேரம் பேசி வாங்கினேன். விற்றவள் லூயிசா; சாந்தோம்காரி, தமிழ்த் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்தவள். இரண்டு நிபந்தனை போட்டாள்: தன்னைத் திருடியாக எழுதக் கூடாது, புனிதையாகவும் எழுதக் கூடாது. நான் தி. நகரில் புடவைக் கடைக்குள்ளேயே வளர்ந்தவன். எதிராளி இரண்டு சொன்னால் ஒன்றில் முடிப்பது பழக்கம். அன்று முடியவில்லை. இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

2

முதல் தொடக்கம்: "1973. ஐப்பசி மழை இரண்டு நாளாய் நின்றிருந்தது. பஸ் நிலையத்தின் ஈரத் தரையில் ஒரு தாய் தன் இரண்டு மகள்களை…"

(நிறுத்திவிட்டேன். நீங்கள் கைக்குட்டை தேடுவீர்கள். அந்தத் தாய் கேட்டால் சிரிப்பாள்.)

இரண்டாம் தொடக்கம்: "நகரங்களுக்கிடையே ஒத்துழைப்பு என்பது காலத்தின்…"

(கொட்டாவி.)

சரக்கை நேராகவே விரித்துவிடுகிறேன். அடையாற்றுக்குத் தெற்கே பக்கம் பக்கமாக மூன்று நகரசபைகள்.* வீடில்லாத நாற்பது குடும்பங்களுக்கு மூன்றும் சேர்ந்து வீடு கட்டுவதாக யோசனை. தனியாக ஒரு சபையால் நாற்பது வாசற்படிகூடக் கட்ட முடியாது. மூன்று கை சேர்ந்தால் முடியும். இந்த யோசனை யார் தலையில் முதலில் உதித்ததோ, அந்தத் தலைக்கு ஒரு நல்ல பட்டுத் தலைப்பாகை கட்டலாம். விதி ஒன்றுதான்: அந்தந்த ஊர்க்காரருக்கு அந்தந்த ஊர் பணம் போட வேண்டும்.

* வரைபடத்தில் தேடாதீர்கள். மூன்று ஊரையும் நானே கட்டினேன். செங்கல் செலவில்லை.

3

தங்கபுஷ்பம் சித்தாள். (முதலில் பூ விற்க வைத்தேன். கதைகளில் பூக்காரிகள் நெரிசல் அதிகம் என்று கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.) முதல் ஊர் பஸ் நிலையத்தில் மகள்களோடு படுப்பாள். இரண்டாம் ஊர் மேஸ்திரியிடம் வேலை. மகள்களின் பள்ளிக்கூடம் மூன்றாம் ஊரில். ஆகவே, வேலை கொடுத்த ஊர் வீடும் கொடுக்கட்டும் என்றது முதல் ஊர். பிள்ளை படிக்கிற ஊர் என்றது இரண்டாம் ஊர். படுக்கிற ஊர்தான் சொந்த ஊர் என்றது மூன்றாம் ஊர். நாற்பது குடும்பத்துக்கும் ஏறக்குறைய இதே பதில்தான்.

மூன்று தலைவர்களும் கூட்டத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஒத்துழைப்பு அதில் மட்டும் அபாரம். "இந்த நாற்பது குடும்பத்தினரும் எங்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் அல்லர்." லூயிசா குறிப்பெடுத்தாள். ஒரு வாரம் கழித்து, தலைவருக்கு ஒரு தாளாக, மூன்று தாள் தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். அன்று மாலைக்குள் முடிவாகாவிட்டால், நிலம் தருவதாகச் சொன்னவர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்.

4

இடம்: இரண்டாம் ஊர்த் தலைவர் வெள்ளைச்சாமியின் தி. நகர் ஜவுளிக்கடை மாடி. குடும்பங்கள் சார்பில் தங்கபுஷ்பம் வந்திருந்தாள். நாற்காலியைக் காட்டினார்கள். அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மாடி ஸ்ட்ராங்கா கீதா? இதுக்குக் கல்லு தூக்கினவ நாந்தான். அன்னிக்கி நீ எந்த ஊருன்னு ஒரு வார்த்த கேக்கலியே."

"உக்காரும்மா மொதல்ல," என்றார் வெள்ளைச்சாமி.

முதல் ஊர்த் தலைவர் அப்துல் கரீம், "போன வாரம் பேசுனதுதானே," என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மூன்றாம் ஊர் அய்யாதுரை படித்தார். ஓரிடத்தில் நின்றார். கரீமின் தாளை எட்டிப் பார்த்தார். தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அவரும் போட்டார்.

வெள்ளைச்சாமி பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிற ஆள். "…எங்கள் ஊரைச் சேர்ந்தவர்கள்" என்பதற்குப் பிறகு நான்கெழுத்துக்கு வெற்றிடம். அதன்பின் முற்றுப்புள்ளி.

"ஏம்மா லூயிசா, 'அல்லர்' எங்க? ரிப்பன் தீந்துபோச்சா?"

"ரிப்பன் இருக்கு சார். விரல் போகல. அதான் இடம் விட்டிருக்கேன். வேணும்னா உங்க கையால எழுதிக்குங்க."

"அவங்க ரெண்டு பேருக்கும்?"

"அதே அளவு இடம்தான் சார். ஒரு எழுத்துகூடக் கொறைக்கல."

5

(குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நம் தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். எத்தனை பெரிய மறுப்பும் வாக்கியத்தின் வாசல்வரை சம்மதமாகவே நடந்து வருகிறது. என் அப்பா இதை வைத்தே கடை நடத்தினார். "இந்தக் கலர் எனக்குப் பிடி…" என்று வாடிக்கையாளர் இழுக்கும்போதே புடவையை மடித்துக் காகிதம் சுற்றிவிடுவார். மிச்சத்தைச் சொல்ல முக்கால்வாசிப் பேருக்குத் தெம்பிருக்காது. அவர் செய்தது வியாபாரம். லூயிசா செய்ததற்குப் பெயர் தேடினேன்; அகப்படவில்லை. அவள் எதையும் மறைக்கவில்லை. அந்தச் சொல்லை வேண்டுகிறவரே எழுதட்டும் என்று பேனாவைத் திருப்பிவைத்தாள்.)

வெள்ளைச்சாமிக்குக் கணக்கு உடனே புரிந்தது. நாற்பது குடும்பமும் யாருடையதும் அல்ல என்றால் மூன்று பூஜ்யம். மூவருடையதும் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தாங்கக்கூடிய பங்குதான்.

இருந்தாலும் பேனாவைத் திறந்து அந்த இடத்துக்கு மேலே பிடித்தார்.

"எழுது நைனா," என்றாள் தங்கபுஷ்பம். "எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதிட்டு, என் மூஞ்சியப் பாத்து ஒரு தபா படிச்சிக் காட்டு."

6

முடிவு (அ): அவர் கையெழுத்திட்டார். சாவியோடு தங்கபுஷ்பம்…

முடிவு (ஆ): அவர் 'அல்லர்' என்று எழுதி, சத்தமாக…

இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். (அ)வில் வெள்ளைச்சாமி புனிதர், (ஆ)வில் திருடர். லூயிசாவின் நிபந்தனையை அவருக்கு மட்டும் மறுப்பது நியாயமில்லை.

என்னதான் நடந்தது என்று அவளிடமே கேட்டேன்.

"அதுக்குத் தனி வெல சார்," என்றாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க."

படித்தேன். போட்டேன். இப்போது தாள் உங்களிடம் வருகிறது:

இந்த நாற்பது குடும்பத்தினரும் எங்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் . . . . .

எதிரே தங்கபுஷ்பம் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் ஏதாவது எழுதுவதானால், தயவுசெய்து, அவள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.